குணம் மிஸ்ஸின் குளக்கட்டு

குணலட்சுமி முப்பத்திரண்டு வருடங்கள் தென்மராட்சியில் குடும்பநல மருத்துவமாதாக இருந்தவர். கொடிகாமத்துக்கும் கச்சாய்க்கும் இடையில் இன்று கைபேசியும் கையுமாகத் திரிகிற இளசுகளில் பாதிப்பேரின் முதல் நிறையைக் குறித்தது அவர்தான். என்னுடையதையும் அவர்தான் குறித்தார். "நீ பிறக்கேக்கை ரெண்டு கிலோ நானூறு. இப்ப உன்னைப் பார்" என்று கோயில் வீதியில் நாலு பேருக்கு நடுவில் சொல்லுவார். ஊருக்கெல்லாம் அவர் குணம் மிஸ்.

வேலையிலிருந்த காலம் முழுக்க அவருக்கு ஒரேயொரு எதிரி இருந்தது. பால்போத்தல். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும்போது குசினித் தட்டில் போத்தலைக் கண்டால் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். தாய்மாரும் பயத்தில் திருப்பிக் கேட்பதில்லை. அவர் ஓய்வுபெற்ற அன்று அவருடைய அலுமாரியின் கீழ்த்தட்டில் நூற்றுக்கு மேற்பட்ட போத்தல்கள் கிடந்தன.

கணவர் காலமாகி ஆறு வருடம். மகள் துஷாந்தினி மட்டக்களப்பில் படித்துக்கொண்டிருந்தாள். நிறுத்துப் பார்க்க ஒரு குழந்தையும் இல்லாமல் மிஸ் ஒன்றரை மாதம் வீட்டுக்குள் சும்மா இருந்தார். அப்போதுதான் குளக்கட்டு ஒழுகத் தொடங்கியது.

அந்தக் கட்டு அரசாங்கத்தினுடையது அல்ல. குணம் மிஸ்ஸின் தகப்பனார் நாகலிங்கம் மாரிமழையை மறிப்பதற்காகத் தன் காணிக்குள் மண்ணால் போட்டது. நூற்றைம்பது யார், அதாவது கெஜம், நீளம், ஒரு ஆள் உயரம். கட்டின் அடியில் இரண்டு வீடுகள். ஒன்று குணம் மிஸ்ஸினது, மற்றது தங்கை பூரணத்தினது. வீடுகளுக்கு அப்பால் நூறு பரப்பு வயல்.

நாகலிங்கம் கண்மூடுமுன் காணி உறுதி எழுத நொத்தாரிசுவைக் கூப்பிட்டார். வளவையும் வயலையும் பங்கிட்டாயிற்று. குளத்தைப் பங்கிட ஏலாது, தண்ணீர் ஓரிடத்தில் நில்லாது என்றார் நொத்தாரிசு.

"அப்ப கட்டைப் பங்கிடும்" என்றாராம் நாகலிங்கம். "மூண்டு பேருக்கும் சொந்தமெண்டால் மூண்டு பேரும் பாப்பினம்."

ஆளுக்கு ஐம்பது யார் வந்தது. மேற்குப் பங்கு குணலட்சுமிக்கு. தேவையான நேரம் வயலுக்குத் தண்ணீர் விடுகிற துரிசு, அந்த இரும்புக் கதவு, அவருடைய பங்கில் இருந்தது. நடுப்பங்கு மூத்தவர் அருளம்பலத்துக்கு. கிழக்குப் பங்கு பூரணத்துக்கு. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்தோடுகிற கல்வாய்க்கால், அதைத்தான் வான் என்பார்கள், அது பூரணத்தின் பங்கில் இருந்தது.

மூன்று பேரும் தங்கள் தங்கள் பங்கைப் பார்த்தார்கள் என்பது உண்மைதான்.

அருளம்பலம் ரொறன்ரோவில் முப்பது வருடமாக இருக்கிறார். நாலு வருடத்துக்கு முன் வந்தபோது தன் ஐம்பது யாரின் நடுவில் ஒரு சீமெந்து இருக்கை கட்டினார். இருக்கையின் இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் இரண்டு அன்னங்கள். அவற்றின் கழுத்துகள் மேலே வளைந்து ஒன்றையொன்று தொட்டன. அத்திவாரத்துக்குக் கட்டின் முதுகில் மூன்றடி ஆழம் தோண்டப்பட்டது. "செய்யிறதை உறுதியாச் செய்யவேணும்" என்று அவர் மேசனிடம் சொன்னதை நானே கேட்டேன். போகுமுன் கம்பம் ஒன்றை நாட்டி, அன்னங்களைப் பார்த்தபடி ஒரு கமராவும் பூட்டினார். கமராவுக்குக் கரண்டும் இணையமும் குணம் மிஸ்ஸின் வீட்டிலிருந்து போயின. அதில் ஒலிபெருக்கியும் இருந்தது. யாராவது அன்னத்தில் ஏறினால் ரொறன்ரோவிலிருந்து உடனே ஏச்சு வரும். முதன்முதலில் ஏச்சு வாங்கியது ஒரு ஆடு. அது இரண்டு நாள் கட்டுப்பக்கம் வரவில்லை.

பூரணம் வேறு மாதிரி. வான் வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கிறது, ஏன் சும்மா விடவேண்டும் என்று அதற்குள் தாராக்கூடு கட்டினார். இரண்டு பக்கமும் வானின் கல்சுவர் ஏற்கனவே இருந்ததால் முன்னுக்கும் பின்னுக்கும் மட்டும் கல் அடுக்கி, மேலே தகரம் போட்டால் போதுமாயிருந்தது. பத்தொன்பது தாரா வாத்துகள்.

அக்காவும் தங்கையும் பதினொரு வருடமாகக் கதைப்பதில்லை. துஷாந்தினி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் பூரணம் உடுத்து வந்த சீலையும், பிள்ளையின் தாயான குணம் மிஸ் உடுத்திருந்த சீலையும் ஒரே சீலையாக இருந்தன. ஒரே நிறம், ஒரே கரை, ஒரே கடை. பிறகு வீடியோ வந்தது. அதில் பூரணம் வருகிற இடமெல்லாம் அவருடைய முகத்துக்கு மேல் ஒரு பெரிய சிவப்பு ரோசாப்பூ மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. பூரணம் சாப்பிடும்போதும் ரோசாப்பூதான் சாப்பிட்டது. வீடியோக்காரன் அழகுக்குச் செய்தது என்று குணம் மிஸ் சொன்னார். பூரணம் அக்கா வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே போனது அன்றோடு சரி.

ஒழுக்கு வந்தது ஐப்பசி மழையோடு. அன்னங்களுக்கு நேர் கீழே, கட்டின் வெளிப்பக்க அடியில், உள்ளங்கையளவு ஈரம். நாலாம் நாள் அதிலிருந்து தண்ணீர் நூலாக வடிந்தது. குணம் மிஸ் ஒரு பப்பாசிக் குழலைச் செருகி, அலுமாரியைத் திறந்து, அத்தனை வருடம் வெறுத்த போத்தல்களில் ஒன்றை எடுத்துக் கீழே பிடித்தார். கையில் மணிக்கூடு. பத்து நிமிடத்தில் மூன்று போத்தல். அதை எழுதி வைக்க வீட்டில் கிடந்த பிள்ளை வளர்ச்சி அட்டை ஒன்றை எடுத்தார். பெயர் என்ற இடத்தில் 'ஒழுக்கு' என்று எழுதினார். பிறந்த திகதியும் போட்டார். ஒவ்வொரு காலையும் ஒரு புள்ளி. இரண்டு கிழமையில் கோடு பச்சை நிறப் பகுதிக்குள் அழகாக ஏறியது. கைப்பழக்கத்தில் ஓரத்தில் 'வளர்ச்சி நன்று' என்று எழுதிவிட்டு, பிறகு யோசித்து, வெட்டினார்.

அண்ணைக்கு அழைப்பு எடுத்தார்.

"அண்ணை, உங்கடை பங்கிலை ஒழுகுது."

"எங்கை? நான் கமராவிலை பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். ஒண்டும் இல்லையே."

"கமரா அன்னத்தைப் பாக்குது. ஒழுக்கு பின்பக்கம், கீழை."

"அன்னம் காய்ஞ்சுதானே கிடக்கு?"

"அன்னம் காய்ஞ்சுதான் கிடக்கு, அண்ணை."

"பிறகென்ன. ஒண்டும் யோசியாதை."

இப்படித்தான் குணம் மிஸ் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதினார். எழுதி மூன்றாம் நாளே தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சாருஜா என்று பெயர். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். மிஸ் அவரைப் பார்த்ததும், "நீ மீசாலைப் பிள்ளையெல்லே? கால் முன்னுக்கு வந்து பிறந்தனி" என்றார். சாருஜா தலைக்கவசத்தைக் கழற்றாமலே சிறிது நேரம் நின்றார்.

ஆனால் பிள்ளை வேலை தெரிந்தவள். கட்டின் மேலே ஒரு தரம், அடியில் ஒரு தரம் முழு நீளமும் நடந்தாள். அன்னங்களைச் சுற்றி வந்தாள். தாராக்கூட்டுக்கு முன்னால் நின்று பத்தொன்பது தாராவையும் பார்த்தாள்.

"இது வான்தானே?"

"ஓம். ஆனால் தங்கச்சியின்ரை பங்கு" என்றார் மிஸ், பூரணத்தின் வீட்டுப்பக்கம் பார்க்காமல்.

"மண்கட்டு ஒழுகிறதாலை மட்டும் உடையாது, மிஸ். தண்ணி மேலாலை பாய்ஞ்சாலும் உடையும். பாய விடாமல் காக்கிறது உந்த வான். அதுக்கை தாரா இருக்கக் கூடாது. அன்னத்தின்ரை அத்திவாரமும் கட்டைக் கிண்டிப் போட்டது. அந்த இடம் தாண்டு பதிஞ்சுபோய்க் கிடக்கு, பாத்தனீங்களோ? துரிசு எப்படி? கடைசியா எப்ப திறந்தது?"

"போன வருசம்" என்றார் குணம் மிஸ்.

தடுப்பூசி அட்டையில் பொய் எழுதிய தாய்மாரை நடுக் கிளினிக்கில் எழுப்பி நிறுத்திய மனுசி. அந்தச் சொல் எப்படி வாயில் வந்ததென்று பிறகு அவருக்கே விளங்கவில்லை. துரிசின் திருகுச் சக்கரத்தைப் பதின்மூன்று வருடத்துக்கு முன், களவு போகுமென்று, கழற்றிக் கட்டிலுக்குக் கீழ் வைத்தவர் அவர்தான்.

சாருஜா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்ல காலம், தெளிவாயிருக்கு. தினமும் இந்த நிறத்தைப் பாருங்கோ. தெளிஞ்ச தண்ணி எண்டால் தண்ணி மட்டும் வருகுது. கலங்கல் எண்டால் கட்டு வருகுது. கலங்கின உடனை எனக்கு எடுங்கோ."

பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். எட்டுப் பக்கம். 'உரிமையாளர் பெயர்' என்ற இடத்தில் ஒரு கோடுதான் இருந்தது. குணம் மிஸ் தன் பெயரை எழுதி, பக்கத்தில் 'மூன்றில் ஒரு பங்கு' என்று போட்டார். ஐந்தாம் பக்கத்தில் அணை உடைந்தால் ஆபத்துக்குள்ளாகும் குடியிருப்பாளர்களின் பெயர் கேட்டிருந்தது. அங்கேயும் தன் பெயரை முதலில் எழுதி, கீழே பூரணத்தின் பெயரைப் போட்டார். அவர்களுக்கு உரிமையாளர் எவ்வாறு அறிவிப்பார் என்று அடுத்த கேள்வி. தனக்கு நேரில் என்றும், பூரணத்துக்குத் தபால் மூலம் என்றும் எழுதினார்.

"மிஸ், பக்கத்து வீடுதானே?"

"ஓம். ஆனால் தபால்தான்."

"தபால் முதல் வருமோ, தண்ணி முதல் வருமோ?"

"பதிவுத் தபால் எண்டு போடவோ?"

சாருஜா படிவத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு கிழமையில் மூன்று உரிமையாளர்களுக்கும் தனித்தனிக் கடிதம் போயிற்று. அருளம்பலம், மழையில் கழுவப்பட்டுப் பளிச்சென்று நின்ற அன்னங்களின் படத்தை அனுப்பி, 'கட்டு நல்ல நிலையில் உள்ளது' என்று பதில் எழுதினார். தாரா இப்போது முட்டையிடுகிற காலம், தைப்பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று பூரணம் எழுதினார். குணம் மிஸ் சக்கரத்தைக் கட்டிலுக்குக் கீழிருந்து எடுத்து, துடைத்து, திரும்பவும் அங்கேயே வைத்தார்.

கார்த்திகைக் கடைசியில் புயல் வருகுதென்று வானொலி சொன்னது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை ஆறரைக்குக் குடையோடு போன குணம் மிஸ், குழலின் கீழ் போத்தலைப் பிடித்தார். அரை நிமிடத்தில் நிரம்பியது. பால்தேத்தண்ணி நிறம்.

மேலே ஏறிப் பார்த்தார். அன்னங்கள் நின்ற இடத்தில் கட்டின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. இடதுபக்க அன்னம் சற்றுப் பின்னால் சாய்ந்திருந்தது. இரண்டு கழுத்துகளும் இப்போது ஒன்றையொன்று தொடவில்லை.

சாருஜாவுக்கு எடுத்தார். அவள் அன்றைக்கு வேறொரு குளத்தில் முழங்காலளவு தண்ணீரில் நின்றாள். பாதை மூடியிருந்தது, வர வழியில்லை. அங்கிருந்தே சொன்னாள்.

"மிஸ், கவனமாக் கேளுங்கோ. முதல் வீடுகளிலை ஆரும் இருக்கக் கூடாது. ஒழுகிற வாயைக் களிமண் வைச்சு அடைக்கவும் கூடாது. அடைச்சால் அது வேறையாலை கிண்டும். மேலை மணல் போடுங்கோ, அதுக்கு மேலை சல்லிக்கல்லு, அதுக்கு மேலை மண் மூட்டை. தண்ணி வரட்டும், மண் வரக்கூடாது. துரிசைத் திறந்தாச்சோ?"

குணம் மிஸ் சக்கரத்தை இரு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து பூட்டினார். நானும் பக்கத்து வளவுக்காரர் மூன்று பேரும் அதற்குள் வந்துவிட்டோம். நாலு பேர் சேர்ந்து திருகினோம். கால்வாசி சுற்றியது. பிறகு டக்கென்று ஒரு சத்தம். சக்கரமும் ஒரு முழ இரும்புத் தண்டும் எங்கள் கையோடு வந்தன. கதவு கீழே அசையாமல் கிடந்தது.

மிஸ் கைபேசியைக் காதில் வைத்தார். "பிள்ளை, நான் அண்டைக்குப் பொய் சொன்னனான். இது பதின்மூண்டு வருசமாத் திறக்கேல்லை."

"சரி மிஸ். அப்ப வான் ஒண்டுதான் இருக்கு" என்றாள் சாருஜா.

வானைத் திறப்பதென்றால் தாராக்கூட்டை உடைக்கவேண்டும். மணலும் சல்லியும் வேண்டுமென்றால், மதில் கட்டுவதற்காகப் பூரணம் தன் முற்றத்தில் லொறியில் கொண்டுவந்து பறித்து வைத்திருந்த குவியலைத்தான் எடுக்கவேண்டும். பூரணமோ வானடியில் பொலித்தீன் போர்த்துக்கொண்டு, தாராக்கள் கத்தக் கத்த நின்றார். புருசன் சோமசேகரம் லொறியோடு தம்புள்ளையில் வெள்ளத்தில் மறிபட்டிருந்தார். அக்காவுக்கும் தங்கைக்கும் இடையில் முப்பது யார் தூரம்.

"மிஸ், கூப்பிட்டுச் சொல்லுங்கோவன்" என்றேன்.

மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அன்னத்துக்கு முன்னால் போய், கமராவைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணை! நிக்கிறியளோ?"

"நிக்கிறன், நிக்கிறன்!" ரொறன்ரோவில் முதல்நாள் இரவு ஒன்பது மணி. "இடது அன்னம் சரியுது! ஆர் அதைத் தள்ளினது?"

"கட்டு உடையப்போகுது, அண்ணை. பூரணத்திட்டைச் சொல்லுங்கோ, தாராக்கூட்டை உடைக்கச் சொல்லி."

"பொறு, எடுக்கிறன்."

முப்பது யாருக்கு அப்பால் பூரணத்தின் கைபேசி அடித்தது. அவர் பொலித்தீனுக்குள் தலையை விட்டுக் கதைப்பது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கமரா பேசியது.

"உடைச்சால் தாராவை எங்கை விடுறதாம்?"

"தாரா நீந்தும் எண்டு சொல்லுங்கோ."

மறுபடி பொலித்தீனுக்குள் தலை. இந்தமுறை பூரணத்தின் குரல் காற்றோடு எங்களுக்கும் கேட்டது. "எனக்குத் தெரியாதோ தாரா நீந்தும் எண்டு! வான் இழுத்துக்கொண்டு போனால் கச்சாய்க் கடலிலைதான் போய்ப் பிடிக்கவேணும் எண்டு சொல்லுங்கோ!"

"கடலிலை பிடிக்கிறாளாம்" என்றது கமரா.

"என்னத்தை?"

"விளங்கேல்லை. பொறு, கேக்கிறன்."

"வேண்டாம் அண்ணை! மணலையும் சல்லியையும் எடுக்கலாமோ எண்டு கேளுங்கோ!"

இப்படி ஒரு பத்து நிமிடம், முப்பது யார் தூரத்தைக் கனடா வழியாகக் கடந்துகொண்டிருந்தோம். அதற்குள் தண்ணீர் இன்னும் இரண்டு விரல் ஏறியது. கடைசியில், "எடுக்கட்டாம், ஆனால் மிச்சத்தைத் திருப்பிக் கொட்டட்டாம்" என்று பதில் வந்தது. நாங்கள் கடகங்களோடு ஓடினோம். மணலைக் கொட்டினோம். சல்லி கொட்டும்போது அருளம்பலம் மேலேயிருந்து, "அன்னத்திலை படாமல்! அன்னத்திலை படாமல்!" என்று கத்திக்கொண்டிருந்தார். திடீரென்று அந்தக் குரல் பாதிச் சொல்லில் நின்றது. கரண்ட் போய்விட்டது.

பூரணத்தின் கைபேசி மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது. அண்ணை அதில் என்ன கேட்டார் என்பதைப் பூரணம்தான் பிறகு எங்களுக்குச் சொன்னார்.

"கமரா கறுத்துப்போச்சு, பூரணம். கட்டு உடைஞ்சு போட்டுதோ? குணம் நிக்கிறாளோ? திரும்பிப் பாத்துச் சொல்லு."

பூரணம் திரும்பிப் பார்த்தார். மழையில் தலைமயிர் முகத்தோடு ஒட்டி, சீலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, ஒரு உரப்பையை நெஞ்சோடு அணைத்தபடி குணம் மிஸ் நின்றார். அறுபத்தொரு வயது. பதினொரு வருடத்தில் இவ்வளவு நரைத்திருப்பார் என்று பூரணம் நினைக்கவில்லையாம்.

"நிக்கிறா" என்று கைபேசியில் சொன்னார். அதற்குள் தொடர்பு அறுந்துபோயிற்று. கைபேசிக் கோபுரமும் விழுந்திருக்கவேண்டும்.

இனி அக்காவுக்கும் தங்கைக்கும் இடையில் ஆள் இல்லை.

"தாராவை எங்கை விடுறது?" என்று பூரணம் கத்தினார்.

"என்ரை வீட்டு ஹோலுக்கை விடடி!" என்று குணம் மிஸ் கத்தினார்.

தாராவைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பத்தொன்பதையும் இருவருமாகக் கக்கத்தில் இரண்டு இரண்டாக இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். வீட்டில் ஆள் இருக்கக்கூடாது என்றுதான் சாருஜா சொன்னாள், தாராவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசித் தாரா போனதும் பூரணம் தானே அலவாங்கை எடுத்தார். தன் கையால் அடுக்கிய கல்லைத் தன் கையாலேயே கெம்பிப் பெயர்த்தார். மூன்றாவது கல் விழுந்ததும் தண்ணீர் மிச்சத்தைத் தானே பார்த்துக்கொண்டது. தகரக் கூரை, கம்பிவலை, தீனிப் பாத்திரம், எல்லாம் ஒரே மூச்சில் போயின. அவற்றின் பின்னால் பூரணத்தின் குசினி வேலியும், புதிதாக வைத்த பதினான்கு கத்தரிக் கன்றுகளும், ஒழுங்கைப் பாதையில் பாதியும் போயின. பூரணம் அலவாங்கை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் ஒரு கை இறங்கியது. சல்லிக்கு இடையால் வந்த ஒழுக்கு மெல்ல மெல்ல நிறம் மாறியது. குணம் மிஸ் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பூரணமும் எட்டிப் பார்த்தார்.

"தெளியுது" என்றார் மிஸ்.

"எனக்கும் கண் தெரியும்" என்றார் பூரணம்.

மத்தியானம் ஒரு மணியளவில் இடது அன்னம் யாரும் தொடாமல் தானாகப் பின்பக்கம் சாய்ந்து குளத்துக்குள் விழுந்தது. கழுத்து மட்டும் வெளியே நின்றது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது நீந்துவதுபோலவே இருந்ததாம்.

கரண்ட் வர ஆறு நாள் எடுத்தது. அந்த ஆறு நாளும் பூரணம் அக்கா வீட்டில் இருந்தார். தன் வீட்டுக்குள் சேறு என்றார். தாராக்களுக்குத் தன்னை விட்டால் யாரும் தீனி வைக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். தாராக்கள் ஹோல் முழுக்க நடந்தன. ஒன்று சோபாவில் முட்டையிட்டது.

இரண்டாம் நாள் பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது குணம் மிஸ் திடீரென்று சொன்னார். "அந்த ரோசாப்பூ வீடியோக்காரன் வைச்சதில்லை. நான்தான் வைக்கச் சொன்னனான்."

"தெரியும்" என்றார் பூரணம்.

"தெரிஞ்சோ இவ்வளவு நாளும்?"

"உங்களைத் தவிர வேறை ஆருக்கு உந்தப் புத்தி வரும்? ஆனால் அக்கா, நான் பந்தியிலை வடை கடிக்கிற இடத்திலையாவது எடுத்திருக்கலாம். பூ வடை தின்னுது. அதைப் பாத்து என்ரை மாமியார் இண்டைக்கும் சிரிக்கிறா."

குணம் மிஸ் முதலில் சிரிக்கக்கூடாதென்றுதான் பார்த்தார். முடியவில்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் தாராக்கள் மேசைக்குக் கீழே ஓடின. பிறகு பூரணம் கொஞ்சம் அழுதார். கத்தரிக் கன்றுகளுக்காக என்றார்.

அருளம்பலம் தை மாதம் வந்தார். வானூர்தி நிலையத்திலிருந்து நேரே கட்டுக்குத்தான் போனார். தனியே நின்ற வலது அன்னத்தைப் பார்த்து, தங்கச்சிமார் இருவரையும் பார்த்து, ஒரு மணித்தியாலம் ஏசினார். கவனக்குறைவு என்றார். ஒரு அன்னத்தைக் காக்க முடியாதவர்கள் ஒரு கட்டை எப்படிக் காப்பீர்கள் என்று கேட்டார். சாருஜாவும் வந்திருந்தாள். இருக்கையை அகற்றச் சொல்லி மேசனிடம் கைகாட்டினாள்.

அத்திவாரத்தின் கடைசித் துண்டைக் கெம்பித் தூக்கியபோது எல்லோரும் குனிந்து பார்த்தோம். கீழே மண் இல்லை. ஒரு வெறும் பொந்து. அருளம்பலம் காற்சட்டையை மடித்துக்கொண்டு அதற்குள் ஒரு காலை விட்டார். இடுப்பு வரை இறங்கியது. கால் அடியில் தட்டவில்லை. அந்த நிலையில், ஒரு கால் வெளியிலும் ஒரு கால் உள்ளேயுமாக, கட்டுக்குக் கீழே இருந்த இரண்டு வீடுகளையும் அவர் பார்த்தார். கொடியில் துவைத்த சீலைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"நீங்கள் ரெண்டு பேரும் இதுக்கு மேலையோ நிண்டனீங்கள்?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. நீங்களும்தானே எங்களோடை நிண்டு கத்தினீங்கள்" என்றார் குணம் மிஸ்.

அவர் காலை வெளியே எடுத்தார். அதன்பின் ஏசவில்லை. மூன்று கிழமை நின்று, களிமண் பறிப்பித்து, அரையடி அரையடியாகக் கொட்டி இயந்திரத்தால் இடித்து இறுக்கும்வரை வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். துரிசுக்குப் புதுத் தண்டு போட்டார்கள். வானில் ஒன்றும் இல்லை. மீந்த அன்னத்தையும் குளத்திலிருந்து தூக்கிய அன்னத்தையும் கொடிகாமத்தில் ஒரு கலியாண மண்டபம் கேட்டு வாங்கிக்கொண்டது. ஒன்றுக்குக் கழுத்தில் வெடிப்பு. மாலை போட்டு மறைக்கிறார்கள்.

உரிமை இன்றும் மூன்று பங்குதான். ஆனால் நடக்கிறபோது குணம் மிஸ் நூற்றைம்பது யாரும் நடக்கிறார். தன் பங்கில் செருப்பைத் தேய்த்து நடக்கிறார் என்று பூரணம் சண்டை பிடிக்கிறார்.

பங்குனியில் வரணிப் பக்கமிருந்து ஒருவர் குணம் மிஸ்ஸைத் தேடி வந்தார். அவருக்கும் சொந்தக் குளம், சொந்தக் கட்டு. அடியில் ஈரமாம். மிஸ் எப்போதிருந்து, எவ்வளவு, என்ன நிறம் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சீலை மாற்றிக்கொண்டு வந்தார். பூரணம் ஸ்கூட்டியை வெளியே எடுத்தார். அக்கா பின்னால் ஒருக்களித்து இருந்தார். அன்றிலிருந்து அழைப்பு வருகிற இடத்துக்கெல்லாம் இருவரும் அப்படித்தான் போகிறார்கள்.

வரணியில் மிஸ் குப்புறப் படுத்து ஒழுக்கைப் பார்த்தார். இப்போதைக்குப் பயமில்லை என்றார். கட்டின் மேல் நின்ற புளியமரத்தைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை கடுமையாகச் சொன்னார். பிறகு வீட்டுக்காரர் தேத்தண்ணி கொடுத்தார். புயலன்று என்ன நடந்ததென்று கேட்டார். பூரணம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் சொன்னார். அதில் தாரா முப்பதாக இருந்தது. தண்ணீர் கட்டுக்கு மேலால் பாய்ந்தது. தாராவைக் கொண்டுவந்து ஹோலுக்குள் விடு என்று அக்காதான் முதலில் வாய் திறந்து கூப்பிட்டா என்றும் சொன்னார்.

குணம் மிஸ் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். ஒன்றையும் திருத்தவில்லை.